அன்றைக்குச் சிரித்தது நான், அண்ணி

அண்ணி,

வீடியோ டெக் சூடானால் ஒரு வாசனை வருமே, தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுகிற மாதிரி, அது நேற்று மத்தியானத்திலிருந்து கூடத்தை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரர் லண்டனிலிருந்து அனுப்பிய கேசட்டை உங்கள் தம்பியும் நானும் போட்டுப் பார்த்தோம். உங்கள் இறுதிச் சடங்கு. இதை எழுத உட்கார்ந்தவள் மூன்று தடவை எழுந்து போய்விட்டேன், அதில் ஒரு தடவை எரியாத அடுப்பை அணைப்பதற்காக.

மாமா பக்கவாதத்தில் விழுந்தபோது, உங்கள் அப்பாவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமென்று லண்டனை விட்டு வந்து இரண்டு வருஷம் எங்களோடு இருந்தீர்கள். அந்த டெக்கைப் புடவைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். அதுவரை காரைக்காலில் டி.வி. என்றால் ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கைக்காரன் காட்டுவதைப் பார்ப்பதுதான். டெக் வந்த செய்தி தெரிந்ததும், பிரான்சில் சொந்தம் இருக்கிறவர்களெல்லாம் பாரீஸ் கல்யாணக் கேசட்டோடு வந்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பதிவு வேறு முறை, நம் டெக்கில் கலர் வராது. மகளின் அரக்குக் கூறைப்புடவையைக் கறுப்பு வெள்ளையில் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், "லண்டன் மெஷினுக்குப் பிரான்சுன்னா ஆகாது போலருக்கு" என்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

உங்கள் வீட்டுக்காரர் அங்கே டி.வி.யில் வருவதைப் பதிந்து அனுப்பியவை மட்டும் பளிச்சென்று கலரில் ஓடின. மாமா சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் நாம் இருவரும் சத்தத்தைக் குறைத்துவைத்து உட்காருவோம். அதில் ஒரு சிரிப்புத் தொடர், சவப்பெட்டிக் கடை நடத்தும் சகோதரர்கள் இரண்டு பேர். வாரத்துக்கு ஒரு சாவு. ஒரு தடவை பிணத்தைத் தப்பான வீட்டில் இறக்கிவிடுவார்கள். அந்த வீட்டுக் கிழவி, வந்தவரை எப்படிச் சும்மா உட்காரவைப்பது என்று அதற்கும் ஒரு கோப்பை டீ போட்டு வைப்பாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன அண்ணி இது, செத்தவங்கள வச்சா சிரிக்கிறாங்க?"

"செத்தவரப் பாத்து யாரு புள்ள சிரிக்கிறா? சுத்தி நிக்கிறதுங்களப் பாரு."

அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவே இல்லை. நீங்கள் நிறுத்தி நிறுத்திச் சொல்வீர்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கே சிரிப்பு வந்து, மூக்கால் ஒரு சத்தம் போடுவீர்கள். நாலைந்து கேசட் போனபிறகு நீங்கள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அழவேண்டிய இடத்தில் அந்த ஜனங்கள் மரியாதையை விடாமல் படும் அவஸ்தை இருக்கிறதே, அது நம் வீடேதான். பேச்சு போன மாமாவிடம் வந்து, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள் உறவுக்காரர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "டீ போடவா?" என்பீர்கள். நான் கிணற்றடிக்கு ஓடிவிடுவேன். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததே அந்த இரண்டு வருஷத்தில்தான்.

பிறகு மாமா போனார். எடுப்பதற்கு முன்னால் வழக்கப்படி போட்டோ. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு, குடும்பம் மொத்தமும் சுற்றி நின்றது. சின்ன மாமா துண்டைச் சரிசெய்கிறார். பெரிய அத்தை பேரனை முன்னால் இழுக்கிறார். போட்டோக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்களேன். பெரியவரப் பாருங்க, எவ்ளோ கரெக்டா இருக்காரு!"

எனக்கு வெடித்துவிட்டது. இருமல் என்றோ தும்மல் என்றோ சொல்லித் தப்பிக்க முடியாத சத்தம். அடுத்த நொடி உங்கள் கை என் பிடரியைப் பிடித்து, முகத்தை உங்கள் தோளில் அழுத்தியது. "ஐயோ, என்னப் பெத்த அப்பா!" என்று ஆரம்பித்தீர்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதில் யார் என்ன கண்டார்கள்? உங்கள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. "மருமவ எப்படி அழுவுது பாரு" என்றார் யாரோ.

உங்கள் தம்பி மட்டும் திரும்பிப் பார்த்தார். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்ததும் முதல் கேள்வி அதுதான். "சிரிச்சது யாரு?"

"நாந்தான்டா. என்னமோ, வந்துடுச்சு" என்றீர்கள். நான் சொம்பும் கையுமாக நின்றேன்.

கருமாதி முடிந்து நீங்கள் கிளம்பும்வரை அவர் உங்களோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை. நான் சொல்லிவிடுகிறேன் என்று உங்கள் காதோரம் முணுமுணுத்தபோது, "வாய மூடு. நான் பிளேன் ஏறிடுவேன். நீ இங்கதான இருக்கணும்?" என்றீர்கள். அதன்பிறகு நாலு வருஷம். உங்கள் கடிதம் வந்தால் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு அவர் கொல்லைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். குழம்பு கொதிக்கும், யாராவது வருவார்கள், சொல்லமாட்டேன். நான் கோழை, அண்ணி. உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தபோதும் சொல்லவில்லை.

நேற்று அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பெட்டி, பூ, கம்பளிக் கோட்டுக்குள் நம் ஜனங்கள். கடைசியில் பெட்டியை மறைக்கத் திரை நகர்ந்தது. பாதியில் நின்றுவிட்டது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார், உங்கள் பெட்டிக்குத் தலைகுனிந்தார், திரையை இழுத்தார். வரவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல இன்னொரு தடவை தலைகுனிந்துவிட்டு மறுபடி இழுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். அழுத்த உங்கள் கை இல்லை.

"அன்னைக்கும் நாந்தாங்க" என்றேன். "அண்ணி இல்ல."

அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். அக்கா சிரிச்சா மூக்காலதான் சத்தம் வரும். சின்ன வயசுலேருந்து கேக்குறேனே."

"அப்புறம் ஏங்க?"

"உங்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஒரே வீட்ல எப்படி இருக்குறது? அக்கா தூரத்துல இருக்கு. தாங்கிக்கும்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேலா என் மேலா என்று இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. இரண்டு பேரும் பழியை உங்கள் தலையில் கட்டிவிட்டு, நாலு வருஷம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம்.

கேசட் முடிந்ததும், "அந்தத் திரை மாட்டுன எடத்த இன்னொரு தடவ போடு" என்றார். பின்னால் ஓட்டிப் போட்டேன். கறுப்புக் கோட்டுக்காரர் வந்தார், தலைகுனிந்தார், இழுத்தார்.

உங்கள் தம்பி சிரித்து நான் கேட்டதே இல்லை, அண்ணி. அவருக்கும் மூக்கால்தான் சத்தம் வருகிறது. என் கை தானாக அவர் பிடரிக்குப் போயிற்று.