குண்டன் வாளியில் இருந்த மூன்று வாரம்

அன்புள்ள என் மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த துணி போட்டு, நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் சித்தப்பா கண் ஆபரேஷன் முடிந்து வந்துவிட்டார், இப்போது வீட்டுத் தூசியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், சித்தியைப் படுத்தி எடுக்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார். நிற்க, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

மூன்று வாரமாக நீ கேட்கும்போதெல்லாம் குண்டன் தூங்குகிறான் என்று சொன்னேனே, அது பச்சைப் பொய். நீ ஏழு வருஷம் வளர்த்து என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன தங்கமீன் குளியலறையில் சிவப்பு வாளிக்குள் இருந்தான். தொட்டியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் இடித்து உடைத்தது நான்தான், உன் அம்மாவுக்கு இதில் பங்கில்லை. அன்றே ஓடிப்போய் அதைவிடப் பெரிய தொட்டியாக வாங்கி வந்து உன் அறை மேசையில் வைத்து நிரப்பினேன். உடனே மீனை விடாதீங்க சார், தண்ணி பழகணும், மீன் இல்லாட்டியும் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வைங்க என்று மீன்கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். தலையை நன்றாக ஆட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் தண்ணீர் பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கலங்கிக் கிடந்தது.

நான் யார், முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் நிலையத்தில் குளோரின் போட்டவன். என்னைத் தாண்டிக் கலங்கல் தண்ணீர் ஒரு டம்ளர்கூட ஊருக்குள் போனதில்லை. என் வீட்டிலேயே இப்படியா என்று ரோஷம் வந்துவிட்டது. மொத்தத்தையும் இறைத்துக் கொட்டி, புதுத் தொட்டியோடு வந்த வடிகட்டியில் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசி, புதுத் தண்ணீர் விட்டேன். இரண்டு நாளில் மறுபடி கலங்கியது, மறுபடி இறைத்தேன், இப்படியே நாலு தடவை. இந்த மனுஷன் ரிட்டயர் ஆயிட்டாருன்னு யாராவது அவர்கிட்ட சொல்லுங்களேன் என்று உன் அம்மா தையல்காரம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவளுக்கென்ன, வாளியில் இருந்தவன் முகத்தைத் தினம் பார்த்தவன் நானல்லவா. நாள் தவறாமல் பாதித் தண்ணீர் மாற்றியும் அவன் தீனியைத் தொடாமல் அடியிலேயே கிடக்க ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவன் போய்விட்டால் உன்னிடம் எந்த முகத்தோடு பேசுவேன் என்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு மீன்கடைக்காரரிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், பழைய தொட்டியில இருந்த அழுக்கு ஸ்பாஞ்ச் எங்க சார் என்றார். குளோரின் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் குப்பையில் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். மீனோட கழிவு தண்ணியில விஷமா மாறும், அந்த விஷத்தைத் தின்னுற நல்ல கிருமியெல்லாம் அந்த அழுக்குலதான் குடியிருக்கும், நீங்க திரும்பத் திரும்ப அதுகளைக் கொன்னுட்டே இருந்திருக்கீங்க, புதுத் தொட்டின்னா கலங்கத்தான் செய்யும், தானா தெளியும் என்றார். கிருமியைக் கொன்றே சம்பளம் வாங்கியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அவருடைய தொட்டியிலிருந்தே ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்சை வெட்டி, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன மீன் என்று கேட்டார், மீனில்லை அழுக்கு என்றேன், எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அதை வடிகட்டிக்குள் வைத்த பிறகு எனக்கு ஒரே வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. என் சர்வீஸில் இவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை. கை பரபரத்துக்கொண்டே இருந்தது, உன் அம்மா இறைக்கிற குவளையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஏழாம் நாள்வரை அதே கலங்கல். ஒன்பதாம் நாள் பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது. மறுநாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் மீன்கடைக்காரரிடம் காட்டினேன், சோதித்துப் பார்த்துவிட்டு இனிமேல் விடலாம் சார் என்றார். முந்தாநாள் குண்டனை விட்டேன். ஒரு மணி நேரம் மூலையில் என்னை முறைத்துக்கொண்டு நின்றான், பிறகு ஒரு சுற்றுச் சுற்றினான், அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு தீனிக்காக மேலே வந்துவிட்டான். நான் அழுதேன் என்று உன் அம்மா சொன்னால் நம்பாதே, கொஞ்சம்தான்.

அவன் வாளியில் இருந்தபோது உன் அம்மா ஒருமுறை, கடையில இதே மாதிரி எத்தனை மீன் இருக்கு, அவளுக்குத் தெரியவா போகுது, எதுக்கு இப்படி உருகுறீங்க என்று கேட்டாள். நான் வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டேன். பதிலை உனக்குச் சொல்கிறேன். நீ போன பிறகு காலையும் மாலையும் உன் அறைக் கதவைத் திறக்க எனக்கு இருக்கிற ஒரே சாக்கு அவனுக்குத் தீனி போடுவதுதான். இன்று காலை திறந்தால் எனக்கு முன்னாலேயே உன் அம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். ஆமாம், பார்க்கத்தான் வேண்டும் என்று நானும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் தெம்பாக இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் என்றும் உனக்கு உண்டு. அடுத்த லீவு எப்போது என்று மறக்காமல் எழுது, குண்டன் கேட்கச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா