ஒன்றை அழுத்திப் பிடித்தால்

பெப்ரவரி 6, செவ்வாய்

மகள் ஸம்றாவுக்கு எட்டாம் மாதம். பிரசர் கூடுகிறது, தனியே விடவேண்டாம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். மருமகன் முர்ஷித் கல்முனையில் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து கோட்லெஸ் போன் ஒன்று வாங்கிவந்து மாட்டினார். மகள்தான் நம்பர்களைப் பதிந்தாள்.

"உம்மா, ஒண்ட அமத்திப் புடிங்க, அவருக்குப் போகும். ரெண்டு, நஸீம் காக்காவுக்கு."

என் மகனை இரண்டில் போட்டுவிட்டு, ஒன்றில் கொண்டுபோய் அவரையா வைப்பாள்! நாலு வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் வந்தால் நான் குசினிக்குள். சோறு போதுமா என்பதையும் மகளைக்கொண்டுதான் கேட்பேன்.

பெப்ரவரி 8, வியாழன்

மகள் விடவில்லை. பழகிப் பார்க்க வேண்டுமாம். அழுத்தினேன். "ஹலோ, ஸம்றா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

இன்றும் போன் பழகினோம். நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன். "மாமிதானே? சரி, போன் வேல செய்யிது, வைங்க" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பிள்ளைதான் அவர். அதற்காக?

பெப்ரவரி 16, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பெடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில் எழுதுகிறேன்.

ஜும்ஆ தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர். "கண் மங்குது உம்மா" என்றவள் கதிரையோடு சாய்ந்துவிட்டாள். கைகால் இழுத்தது. வலிப்பு! பக்கத்து வீட்டார் அறுவடைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஓர் ஆணும் இல்லை, எல்லோரும் பள்ளிக்கு.

போனை எடுத்தேன். எந்த விசரி இதைச் செய்வாள்? இரண்டை அழுத்தினேன்! கட்டாரில் இருக்கிற மகன் நஸீம், கல்முனையில் இருக்கிற மருமகனுக்குச் சொல்லட்டுமாம். அடித்து அடித்து ஓய்ந்தது.

பிறகு ஒன்று. உடனே எடுத்தார். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"மாமியா? வேல செய்யிது மாமி. நான் பள்ளிக்குப் போறன்." வைத்துவிட்டார்.

பள்ளிக்குள் போனால் போனை நிற்பாட்டி விடுவாரே! பிறகு யாரைப் பிடிக்க? என்ன பெரிய வெட்கம் எனக்கு? புள்ள போகப்போகுதே!

திரும்ப அழுத்திப் பிடித்தேன். அடிக்கிறது, அடிக்கிறது... எடுத்ததும் அவரைக் கதைக்க விடவில்லை.

"மகன்! வெச்சிராதீங்க! ஸம்றாக்கு வலிப்பு, ஓடி வாங்க!"

தெருவே கேட்டிருக்கும். "இந்தா வாறன்" என்றார். வேனோடு வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அழுதார். நானும்தான்.

பெப்ரவரி 17, சனி

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மகள் கண் திறக்கவில்லை. யா அல்லாஹ்.

பெப்ரவரி 18, ஞாயிறு

தண்ணீர் கேட்டாள்! அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 4, திங்கள்

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பத்து மணிபோல போன் அடித்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். கொடுக்காமல் நானே எடுத்தேன்.

"மீன் சந்தையில நிக்கன் மாமி. ஸம்றாவுக்கு என்ன எடுக்க?"

"பால்சுறா எடுங்க மகன். பழசெண்டா வேணாம்."

"ஓம் மாமி" என்றார். வைக்கப் போகிறார் என்று விளங்கியது.

"வெச்சிராதீங்க" என்றேன். "உங்களுக்கு என்ன கறி வேணும்?"