தொப்பிக்குள் இருந்த தலை

மார்ச் 4

மகளுக்கு,

வேலையை விட்டுவிட்டு நீ படம் வரையக் கிளம்பிய நாளிலிருந்து உன் போனை நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நீ கையால் வரைந்து அனுப்பிய படப் புத்தகம் பட்டறைக்கு வந்தது. எனக்கு முன்னால் வெல்டர் பிரித்துவிட்டான். 'அப்பாவின் முடி எங்கே போச்சு?' என்று உரக்கப் படித்தான். காக்கா என் மண்டையில் உட்கார்ந்து வழுக்கி விழுகிற பக்கம் வந்ததும், "அண்ணே, தொப்பியக் கழட்டுங்க. காக்கா பொய் சொல்லுதான்னு பாப்போம்" என்றான். பட்டறையே சிரித்தது.

முப்பது வருடமாக உன் அம்மாவும் நீயும் தவிர என் தலையை யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். என் பெண் போட்ட புத்தகத்தில் நானே கோமாளி. இது அச்சுக்குப் போனால் எனக்குப் பெண் இல்லை.

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டுக்கு அனுப்பினால் பிரிக்காமல் திருப்பிவிடுவீர்களோ என்று பயந்துதான் பட்டறைக்கு அனுப்பினேன்.

அது அச்சுக்கு இல்லை. உங்கள் பேத்திக்காக வரைந்தது. அவளிடம் காட்டிவிட்டு, உங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள மனமில்லாமல் அனுப்பினேன். எனக்கு மார்பில் கட்டி, அப்பா. புற்றுநோய். அடுத்த வாரம் மருந்து ஏற்றுகிறார்கள். முடி முழுக்கக் கொட்டிவிடுமாம். அவள் என்னைப் பார்த்துப் பயப்படாமல் சிரிக்கப் பழகட்டும் என்று நினைத்தேன். என்னையே வரைய உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்த வழுக்கை உங்களுடையது ஒன்றுதான்.

அவளோ நம்பவில்லை. "தாத்தாவுக்குத் தொப்பிதான் இருக்கு, வழுக்கை இல்ல. நீ சும்மா சொல்ற" என்கிறாள்.

உங்கள் மகள்

மார்ச் 15

மகளுக்கு,

கேட்காமல் வரைந்தது தப்பு. அதில் மாற்றமில்லை. படமும் தப்பு. என் தலை அவ்வளவு உருண்டை கிடையாது, பின்பக்கம் சப்பை. இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கதவு நிலையில் இடித்துக்கொண்டது. அதைக் காணோம்.

இத்தனை நாள் போன் அடித்ததெல்லாம் இதைச் சொல்லத்தானா என்று கேட்க மாட்டேன்.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவேன். தொப்பியைப் பட்டறையில் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வெல்டர் பார்த்தான். சிரிக்கவில்லை.

காக்கா வழுக்குமா என்று பேத்தி தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சிரிப்பதையெல்லாம் என் தலையைப் பார்த்துச் சிரித்துத் தீர்க்கட்டும். அதற்கப்புறம் உன் முடி விழட்டும்.

அப்பா