வெட்டப்படாத கயிறு

12 ஆகஸ்ட் 1998, புதன்

மகளுக்குக் காய்ச்சல் என்று தர்காவில் ஓதிக் கட்டிய கயிற்றை இன்று காலை என் வீட்டுக்காரர் கத்தரியால் வெட்டி எறிந்தார். "அல்லா ஒருத்தன்தான். வேற யார்ட்டயும் கையேந்துனா அது அவனுக்கு இணை வைக்கிறது, தெரிஞ்சிக்கோ" என்றார். அவர் சொன்னது சரிதான்.

மாலையில் அவர் வேலை பார்க்கும் தம்பானூர் ஓட்டலின் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜும்ஆ தொழுகைக்கு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் விடச் சொல்லிக் கேட்கப்போவதாக ஒரு மாதமாக என்னிடம் வீராப்புப் பேசிய மனிதர், கைகட்டி நின்றார். "வெள்ளிக்கிழமை உச்சை நேரத்துலயும் நான் கடையில நிக்கிறேன் முதலாளி. உங்கள விட்டா எங்களுக்கு வேற யாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கயிற்றை எப்போது வெட்டுவீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பயந்துவிட்டேன்.

அல்லாவுக்கு அல்ல, இவருக்கு.