ஒரு ரோட்டாருக்காகப் பிளந்த மண்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சித்தப்பாவும் சுகமா என்று மட்டும் கேட்காதே, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இப்போதைக்கு அதுவே பெரிது. கவரைப் பிரித்ததும் பஞ்சில் சுற்றிய சின்னக் கறுப்புச் சாமான் ஒன்று விழுந்திருக்கும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே. அதற்காகத்தான் உன் சித்தப்பாவின் மண்டை பிளந்தது.

தாத்தாவின் காரைப் பாகம் பிரித்த கூத்தை நான் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். வீட்டைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள், காருக்கு வந்ததும், அவனுக்குப் போறதுக்கு இது துருப்பிடிச்சே சாகட்டும் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பாடி அப்பாவுக்கு, இன்ஜின் சித்தப்பாவுக்கு என்று கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. அதற்குப் பிறகு பழைய இரும்புக்கடை ஒன்று பாக்கியில்லை. அப்பா இன்ஜினுக்கு அலைந்தார், சித்தப்பா பாடிக்கு அலைந்தார். கார்பரேட்டர் ஓர் ஊரில், டைனமோ வேறோர் ஊரில் என்று அப்பா எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார், ரோட்டார் மட்டும் கிடைக்கவில்லை. கட்டைவிரல் அளவுகூட இல்லாத சாமான், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றிச் சுற்றி பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்புமாம், அது இல்லாவிட்டால் வண்டி இருமக்கூட இருமாது. வேறு வண்டியுடையதை ராவிப் பொருத்தப் பார்த்தார், உடைந்ததுதான் மிச்சம். சித்தப்பாவிடம் இருந்ததும் விரிசல் விட்டுப்போக, அவரும் அதையேதான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

போன வாரம் பீரங்கி போன் செய்தான். பீரங்கி என்றால் இரும்புக்கடைக்காரன், ரகசியம் சொன்னால்கூட நாலு தெருவுக்குக் கேட்கும். சாமான் வந்திருக்கு, உடனே வாங்க என்றான். அதையே சித்தப்பாவுக்கும் சொல்லியிருக்கிறான் பாவி. அப்பாவுக்குக் கண் மங்கல் அல்லவா, சாமான்மேல் அடித்திருக்கும் நம்பரைப் படிக்க எப்போதும் நான்தான் கூடப் போவேன். போய் நின்றால், சித்தப்பா அதைக் கையில் வைத்துத் தூசியை ஊதிக்கொண்டிருக்கிறார். அப்பா நேரே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார், அவர் விடவில்லை என்றதும் கடித்தார். இந்த வயதில், கட்டின பல்லை வைத்துக்கொண்டு, ரத்தம் வரக் கடித்தார். சித்தப்பா உதறிய உதறலில் அப்பா ஓர் உடைந்த காருக்குள் போய் விழுந்தார். எழுந்திருக்க அவர் கதவோரத்தைப் பிடித்ததுதான் தாமதம், சித்தப்பா அந்தக் கதவை உதைத்துச் சாத்தினார். விரல் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, இன்னும் கேட்கிறது. அப்பா மறுகையால் ஜாக்கி ராடை எடுத்தார், வேணாங்க வேணாங்க என்று நான் கத்தக் கத்த ஒரே அடி. சித்தப்பா முழங்கால் மடங்கி உட்கார்ந்தார், ரத்தம் காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அப்பா மறுபடியும் ஓங்கினார். பீரங்கி பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான், அப்படியும் ராடு கீழே இறங்கவில்லை. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, நான் உன் அப்பா கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். ராடு விழுந்தது. வெட்கப்படுகிறேன் என்று நினைக்காதே, இன்னொன்றும் விட்டிருக்க வேண்டும். ரோட்டார் தரையில் ரத்தத்தில் கிடந்தது. யாரும் பார்க்கும் முன்னால் எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு இரண்டு விரலை எடுத்தாயிற்று. சித்தப்பாவுக்குத் தலை முழுக்கத் தையல், ஒரு காது கேட்கவில்லை. போலீஸ் வந்து கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். பாசம் என்று ஏமாந்துவிடாதே, அவன் உள்ள போயிட்டா நான் எப்படிக் கைய வைக்கிறது என்று உன் சித்தியிடம் சொன்னாராம். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, இருக்கிற விரல் போதும் என்கிறார். ரோட்டார் மற்றவனிடம்தான் இருக்கிறது என்று இரண்டு பேரும் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் ஒருத்தன் வாசலில் ஒருத்தன் போய் நிற்பான், இந்த முறை ஒரு பிணம் விழும். உன் சித்தியும் நானும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து அழுதோம், அழுது முடித்து யோசித்தோம். இந்த இரண்டு முரடர்களும் அடங்குவது உன் ஒருத்தியின் பேச்சுக்குத்தான். அதனால் ரோட்டாரை உனக்கு அனுப்பிவிட்டதாக இரண்டு பேர் கட்டிலுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சித்தப்பா என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும்.

அப்பா போனில் அழுவார், மசியாதே. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்ததைச் சித்தப்பா சொல்லிக்காட்டுவார், அதற்கும் மசியாதே. தனியாக யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன் என்று சொல். இரண்டு பேரும் ஒன்றாக வண்டியேறி, ஒன்றாக உன் வாசலில் வந்து நின்றால் சோறு போட்டுவிட்டு அப்புறம் கொடு. குழந்தை எதையும் வாயில் போடும் வயது, எட்டாத இடத்தில் வை. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: அதன் இடுக்கில் கொஞ்சம் ரத்தம் காய்ந்துபோய் இருக்கிறது. நீ துடைக்காதே. அது யாருடையது என்று அவர்கள் இரண்டு பேரும் வந்து பார்த்துச் சொல்லட்டும்.