பெயர் கூப்பிடும் பொறுப்பு

மார்ச் 3

தம்பி ஒயர்லெஸுக்கு,

நான் பல் பிடுங்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கூட்டம் போட்டு, கை தூக்கி, என் பொறுப்பைப் பிடுங்கிவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது அநியாயம். வேறு பெயர் கிடையாது.

இன்று காலை முன்னாள் படைவீரர் சங்கத்து அறிவிப்புப் பலகையில், தலைவர் என்று உன் கையெழுத்தோடு ஒரு தாள். "மூத்த உறுப்பினரின் நீண்ட சேவையைப் பாராட்டி அவர் கௌரவ ஆலோசகராக நியமிக்கப்படுகிறார்." என்னிடம் இதுவரை யாரும் ஒரு ஆலோசனையும் கேட்டதில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. கௌரவம் என்றால் மூலையில் நாற்காலி போட்டு, டீயைக் கொடுத்து, வாயை அடைப்பது. நான் ராணுவத்தில் லாரி ஓட்டியவன்தான். வண்டிக் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எழுதப் பழகினேன். ஆனாலும் ஒரு தாளில் எழுதாமல் விட்டதைப் படிக்க எனக்குத் தெரியும்.

நம் ஆள் ஒருவர் இறந்தால், உடலை எடுக்கும் முன் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறோம். பதில் வராது. அந்த அமைதியில் எல்லோரும் சல்யூட் அடிக்கிறோம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கூப்பிடுவது நான். காய்ச்சலோடு போயிருக்கிறேன், கொட்டும் மழையில் போயிருக்கிறேன். இதற்காக ஒரு டீ வாங்கிக் குடித்தேன் என்று யாராவது சொல்லட்டும்.

போனில் பேசலாமே என்பாய். நீ ஆரம்பித்தால் எனக்கு லைன் கிடைக்காது. உனக்கு ஒயர்லெஸ் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? எழுத்தில் பதில் வேண்டும்.

உடல் மேல் போர்த்தும் சங்கத்துக் கொடி என் பீரோவில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

இன்னமும் பொறுப்பில் இருக்கும்,
உன் அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பல் எப்படி இருக்கிறது? ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்கள், மாத்திரை சாப்பிடச் சொன்னால் சண்டைக்கு வருகிறீர்கள் என்று அண்ணி சொன்னார்கள்.

கோபப்படாமல் படியுங்கள். போன மாதம் தையல்காரர் வீட்டில் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா? நமக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்த மனிதர். படுத்திருந்தது அவர். நீங்கள் கூப்பிட்டது என் பெயரை. நானும் பழக்கதோஷத்தில் "உள்ளேன் ஐயா!" என்று கத்தித் தொலைத்தேன். பெட்டியைத் தூக்க நின்றவர்களின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா, சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. மகன் மட்டும் என்னிடம் வந்து, "ஏன் சார், எங்கப்பா பேரு கூடவா மறந்துபோச்சு?" என்றான்.

குழுவில் பேச்சு எழுந்தது. நான் என்ன செய்ய? நர்ஸம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அதட்டி வைத்திருந்தவர். நல்ல குரல். கொடியை அவரிடம் கொடுத்துவிடுங்கள், அண்ணே. உங்களுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்று தெரியும். இந்த ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பணிவுடன்,
தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

என் பல்லைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம்.

பெயர் மாறிப்போனது ஒரு நொடி. நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், இரண்டாவது முறை சரியாகக் கூப்பிட்டிருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை சாவு வீட்டில் யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? பதில் சொன்னவன் தலைவர், கூப்பிட்டவன் ஆலோசகரா? என்ன நியாயம் இது?

குழு என்று எழுதியிருக்கிறாய். நேற்று நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணா, நான் இதைக் கேக்கவே இல்ல. குழுவுல யாரும் வாயத் தொறக்கல. தலைவர்தான் ஒத்தக் கால்ல நின்னாரு" என்றார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. உனக்கு வருகிறது.

அன்று காலை தையல்காரர் வீட்டு வாசலில், என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்ன விஷயத்தை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணியிடம்கூட. அதைச் சொல்ல உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? சொல்லிவிட்டு, "வாங்கண்ணே, உள்ள போலாம்" என்கிறாய். போனேன். வாயைத் திறந்தேன். என்ன வரும்?

உண்மையான காரணத்தை எழுது. இல்லையென்றால் அந்தச் சங்கத்து வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணே,

ஆமாம். குழு இல்லை, நான்தான்.

குடலில் கட்டி, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கேட்டதும் நீங்கள் சாவியைத் திருகினீர்கள். இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு உள்ளே போய் என் பெயரைக் கூப்பிட்டீர்கள். கூப்பிட்டதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். பழக்கதோஷம் என்று எழுதினேனே, அது பொய். அதற்குப் பிறகு வரும் அமைதியை உங்களால் தாங்க முடியாது என்று பட்டது. அதனால்தான் கத்தினேன்.

ஆண்டு விழா முடியட்டும், பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் படுக்கலாம் என்று ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால், பொறுப்பில் இருப்பவர்தான் என் பெயரைக் கூப்பிட வேண்டும். அது உங்கள் தலையில் விழக் கூடாது. வேறு காரணம் இல்லை.

மன்னிக்க வேண்டாம். புரிந்துகொண்டால் போதும்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உன் காரணம் வந்து சேர்ந்தது. செல்லாது. நல்லதே ஆனாலும் கேட்காமல் செய்தால் அநியாயம்தான். கீழே எழுதியிருப்பதை நடத்த வேண்டும். பேச்சுக்கு இடம் இல்லை.

பலகையில் இருக்கும் தாளைக் கிழிக்க வேண்டும். நீ ஒட்டினாய், நீதான் கிழிக்க வேண்டும்.

ஆண்டு விழாவையும் தலைவர் நாற்காலியையும் நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். இன்று காலையே கேட்டுவிட்டேன். நான் எதையும் உளறவில்லை. "அவர் சட்டை தொளதொளன்னு தொங்கறதப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்ணா, முதல்ல அவரக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

தையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மாள் முன்னால் நின்று அவர் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது நான். தனியாகப் போகிறேன். நீ வந்தால் பேசுவாய்.

உன் வீட்டில் தங்கச்சியிடம் இன்றே விஷயத்தைச் சொல்வது நீ. சொல்லாவிட்டால், உன் அண்ணி நாளைக் காலையில் உன் வீட்டு வாசலில் நிற்பாள். அவளைச் சமாளிப்பது உன் பாடு.

சங்கத்தில் பெயர் கூப்பிடுவது நான். விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் பெயரைக் கூப்பிட மாட்டேன். அதற்குத் தேவை வராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

டாக்டரிடம் தேதி வாங்குவது நீ. வண்டி எடுப்பது நான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். பதில் சொல்ல வேண்டியது நீ. அன்றைக்குக் கத்தினாயே, அதே மாதிரி.

ரிவர்ஸ் கியர் இல்லாத,
உன் அண்ணன்