விரல் வைத்துப் படிக்கிறவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். விடுமுறைக்கு எங்களிடம் விட்டுப்போன நம் பேத்தி சுண்டெலியும் சுகம், முன்பல் ஒன்று விழுந்ததில் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. சுண்டெலி இங்கிலீஷ் வாசிப்பில் பின்தங்கிவிட்டாள், இரண்டு மொழி சேர்ந்து குழப்புகிறது, தமிழை நிறுத்திவிடுங்கள் என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருந்தாய். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன் அம்மா தமிழ்ப் புத்தகத்தைப் பீரோ மேல் ஏற்றிவிட்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன வாரம், நீ கொடுத்தனுப்பிய இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை எனக்குக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இவளையா பின்தங்கியவள் என்றார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அப்போது இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன, அவளோ விட்டுப்போன பக்கத்தையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறாள்! கதை முழுக்க மனப்பாடம். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. நான் விரல் வச்சுப் படிச்சா கிளாஸ்ல சிரிக்கிறாங்க தாத்தா, அதான் அம்மா வாசிக்கறதக் காதால கேட்டு மனசுல வச்சுக்கிட்டேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று அழுதாள். எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமந்தாளோ.

மறுநாள் தமிழ்ப் புத்தகத்தை நானே இறக்கினேன். இங்க சிரிக்க ஆள் இல்ல, வை விரலை என்றேன். மெதுவாகத்தான் போகிறாள், ஆனால் ஒரு எழுத்தையும் விடுவதில்லை. 'கெ' வந்ததும் நின்று, கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் மட்டும் ஏன் பின்னாடி வருது என்றாள். டிரைவர் முன்னாடி இருந்தாலும் கண்டக்டர் பின்னாடி விசில் அடிச்சாத்தானே வண்டி நகரும் என்றேன், பிடித்துக்கொண்டாள். 'பம்பரம்' என்று வாசித்துவிட்டு, ஒரே 'ப'தானே தாத்தா, முதல்ல ஒரு சத்தம், நடுவுல வேற சத்தமா என்று கேட்டாள். அறுபத்திரண்டு வயதுவரை எனக்கு இது உறைக்கவில்லை கண்ணு. உன் அம்மாவும் பம்பரம், பம்பரம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

நேற்று நூலகத்தில், இதுவரை கேட்டிராத ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைத் தானே எடுத்து விரலை வைத்தாள். கத்திக்கான வார்த்தையை எழுத்துக்கு எழுத்து 'க்நைஃப்' என்றாள். தப்புதான், ஆனால் மனப்பாடத்தில் அந்தத் தப்பு வராது, படித்தால்தான் வரும். முன்னாடி நிக்கிற 'கே' டிக்கெட் எடுக்காம ஏறின எழுத்து, கண்டுக்காதே என்றேன். அரை மணியில் நாலு பக்கம், மூக்கெல்லாம் வேர்வை. வீடு திரும்பும்போது, அம்மாவுக்கு நீங்களே எழுதிடுங்க, திட்ட வேண்டாம்னும் எழுதுங்க என்றாள், எழுதிவிட்டேன். தமிழை நிறுத்துவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் முடிவு. ஆனால் டீச்சரிடம் போய், இவள் விரலை மட்டும் யாரும் எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுவிட்டு வா.

எல்லா நலமும் பெற்று நீங்கள் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. கீழே உள்ள வரி சுண்டெலி தானே எழுதியது, நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா நான் மெதுவா படிக்கிரேன். நெஜமா படிக்கிரேன்.